மாடில்லாதவரும் மேய்ச்சற்றரையும்

2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதியோரமாக ஒரு கொட்டகை எழுந்தது. மட்டக்களப்பு மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பொலன்னறுவை மாவட்டத்தை அண்டிக் கிடக்கும் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்றரையை மீட்டுத் தருமாறு கேட்டுக் கால்நடைப் பண்ணையாளர்கள் அதில் அமர்ந்தார்கள். சில வாரங்களில் முடிந்துவிடும் என்று பலர் எண்ணிய அந்தப் போராட்டம் ஓராண்டையும் கடந்து சென்றது. அந்நாட்களில் நாம் அங்கே சென்ற வேளைகளில் ஒரு பெரியவரைக் காண்பதுண்டு. கூட்டத்தின் நடுவில் இருக்கமாட்டார். பதாகை பிடிக்கமாட்டார். ஓரத்திலே ஒரு பிளாஸ்டிக் கதிரையில், தோளில் துவாயுடன், பேசாமல் இருப்பார்.

ஒருநாள் அருகில் அமர்ந்து, "ஐயாவுக்கு எத்தனை மாடு?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் இல்ல ஃபாதர். ஒரு கண்டுகூட இல்ல. வயல்தான் மூணு ஏக்கர்."

"பிறகு ஏன் இங்கே நாள்முழுக்க இருக்கிறீர்கள்?"

எம்மை ஒரு கணம் பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்பது போன்ற பார்வை. "அங்க இடமில்லாட்டி மாடு எங்க போகும்? என்ட வயலுக்குத்தானே வரும்" என்றார்.

எமது பணிமனையில் அபிவிருத்தி பற்றி எத்தனையோ கருத்தரங்குகளை நடத்தியிருக்கிறோம். காணிப் பாதுகாப்புப் பற்றிப் புத்தகங்களும் வைத்திருக்கிறோம். ஆனால் பொதுக்காணியை ஏன் காக்கவேண்டும் என்பதை இத்தனை சுருக்கமாக எவரும் எமக்குச் சொன்னதில்லை. மேய்ச்சற்றரை என்பது மாட்டுக்காரரின் பிரச்சினை, அதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று எண்ணும் வாசகர்கள் எம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களோடுதான் இன்று பேச விரும்புகின்றோம்.

எமது பிரதேசத்தின் ஆண்டுச் சுற்றை நீங்கள் அறிவீர்கள். ஆயினும் முகாம்களிலும் நகரோரங்களிலும் வளர்ந்த எமது பிள்ளைகள் பலர் அதை அறியார்கள். எனவே சற்று விரிவாகவே சொல்வோம். பெரும்போகத்துக்கு நிலம் பண்படுத்தும் காலம் வந்ததும் பட்டிகள் படுவான்கரை வயல்வெளிகளை விட்டு மேற்கே சாய்க்கப்படும். ஈரளக்குளத்தைத் தாண்டி, காட்டோரமாக, நாட்கணக்கில் நடக்கும் நடை அது. மாரி முழுவதும் மாடுகள் மேற்கே புல்வெளியிலும் காட்டு விளிம்பிலும் நிற்கும். பட்டிக்காரர் வாடி அடித்துத் தங்குவார்கள். கறந்த பால் கான்களில் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு இறங்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அதே மாடுகள் திரும்பிவந்து அறுத்த வயலின் தாளை மேயும். மேய்ந்த இடத்தில் சாணம் விழும். குளத்து நீர் பாயும் வயல்களில் சிறுபோகம் நடக்கும். வானம் பார்த்த வயல்கள் அடுத்த மாரி வரை மாடுகளுக்கே உரியன. வயலுக்கும் மேய்ச்சற்றரைக்கும் இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கல் எந்தத் திணைக்களமும் வகுத்துத் தந்த திட்டமன்று. தலைமுறை தலைமுறையாகப் போடிமாரும் பட்டிக்காரரும் சண்டையிட்டுச் சமாதானமாகிக் கண்டுபிடித்த ஒழுங்கு அது.

இரசாயன உர இறக்குமதிக்கு 2021இல் தடை வந்தபோது மாட்டெருவைத் தேடி அலைந்தவர்கள் அந்த ஒழுங்கின் பெறுமதியை அறிவார்கள். பால்மாவுக்காக அதே ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் கடை வாசலில் வரிசையில் நின்றவர்களும் அறிவார்கள். தயிருக்குப் பெயர்பெற்ற மாவட்டத்தின் தாய்மார் வெளிநாட்டுப் பால்மாப் பெட்டிக்காக வரிசையில் நின்ற காட்சியை எம்மால் மறக்க முடியவில்லை.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெரும்போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. அரசாங்க அதிகாரிகளும் விவசாய அமைப்புகளும் கூடி, விதைப்புத் திகதி, நீர் திறக்கும் திகதி, இவற்றோடு வயல் பிரதேசத்திலிருந்து மாடுகளை அகற்றவேண்டிய திகதியையும் தீர்மானிக்கிறார்கள். அத்திகதிக்குப் பின் வயலில் நிற்கும் மாட்டைப் பிடித்துக் கட்டலாம், உரிமையாளரிடம் நட்டஈடு கேட்கலாம். நல்லது, வயல்காரனுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் மாடுகளை வெளியேறு என்று திகதி குறித்துச் சொல்லும் அதே அரசு, அவை போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு எல்லைக்கல் நாட்டி உறுதியான காவல் கொடுக்கவில்லை. வீட்டைவிட்டு இறங்கு என்று கட்டளை வருகிறது, எங்கே போவது என்ற கேள்விக்கு மறுமொழி இல்லை. இந்தக் கொடுமை எமது வாசகர்களுக்குப் புதிதல்லவே. 1990இல், 2006இல், அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் அனுபவித்ததுதான் அது.

மேய்ச்சற்றரைக்குக் காவல் இல்லாமற் போனது எப்படி? இதன் வேர் பழையது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின்படி, உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய காணியாகக் கொள்ளப் பிரித்தானியர் வழி செய்தார்கள். கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் தேவைப்பட்ட காலம் அது. ஊர் பொதுவாகப் பயன்படுத்திய காட்டுக்கும் புல்வெளிக்கும் யாரிடம் உறுதி இருந்தது? இருக்கவில்லை. எனவே அவை முடிக்குரியவையாகி, பின்னர் சுதந்திர இலங்கையின் அரச காணிகளாயின. 1979இல் மகாவலி அதிகாரசபைச் சட்டம் வந்தது. விசேட பிரதேசங்கள் பிரகடனமாயின. மாதுறு ஓயாவின் அணை 1983இல் முடிந்தது. அந்த ஆற்றின் கீழ்ப்பகுதியில் எமது மாவட்டத்துக் காணிகளில் வெளிமாவட்டத்தாரைக் குடியேற்றும் முயற்சியொன்றும் அதே ஆண்டில் நடந்து, பின்னர் அரசாலேயே கைவிடப்பட்டது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் காணியை மாகாண விடயமாகச் சொன்னது. ஆனால் அத்திருத்தத்தில் சொல்லப்பட்ட தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்படாமலே ஆண்டுகள் ஓடின. இவ்வாறு ஒரே புல்வெளியைப் பிரதேச செயலகம் ஒரு கண்ணால் பார்க்கிறது. வனத்திணைக்களம் இன்னொரு கண்ணால் பார்க்கிறது. மகாவலி அதிகாரசபைக்கு அது வேறொன்று. அங்கே நிற்கும் மாடோ எந்தக் கோப்பிலும் இல்லை.

யுத்த காலத்தில் அப்பகுதிக்குப் போவதும் வருவதும் உயிரைக் கையில் பிடித்த காரியமாயிற்று. பட்டிகள் சிதறின. களவு போனவையும் சூடுபட்டவையும் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை. 2007 ஜூலையில் குடும்பிமலைப் பகுதி அரச படைகளின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின், மீள்குடியேறிய மக்கள் மெல்ல மெல்லத் தம் பட்டிகளைக் கட்டியெழுப்பினார்கள். ஆனால் அவர்கள் திரும்பிச் சென்ற புல்வெளியில் சேனை வெட்டுவோரும் வந்து சேர்ந்தார்கள். 2020 அளவில் வெளிமாவட்டங்களிலிருந்து வந்தோரின் சோளச் செய்கை அங்கே பெருமளவில் பரவிற்று. மாடுகள் வெட்டப்பட்டும் சுடப்பட்டும் கிடந்த செய்திகள் அடுத்தடுத்து வந்தன. நீதிமன்றப் படிகளிலும் பண்ணையாளர்கள் ஏறினார்கள். 2023 ஆகஸ்டில் நிலைமையைப் பார்வையிடச் சென்ற சர்வமதக் குருமாரும் ஊடகவியலாளரும் அங்கே வழிமறித்து மணிக்கணக்கில் தடுத்துவைக்கப்பட்டார்கள். குருமாருக்கே அக்கதி என்றால் தனியே பட்டியோடு நிற்கும் இளைஞனின் கதி என்ன? அதே ஆண்டு நவம்பரில் பண்ணையாளருக்கு ஆதரவாக வந்த பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள்.

இவ்விடத்தில் நாம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். சோளம் விதைக்க வந்தவர்களிலும் ஏழைகள் இருக்கிறார்கள். தம் ஊரில் காணி இல்லாமலோ, இருந்தும் கடனிலோ தவிப்பவர்கள் அவர்கள். ஏழையை ஏழையின் நிலத்துக்கு அனுப்பி, இருவரும் அடித்துக்கொள்ளும்போது விலகி நிற்பது அதிகாரத்தின் பழைய வித்தை. அம்பாறை மாவட்டத்துப் பாணமையில் 2010 ஜூலையில் தம் காணிகளிலிருந்து துரத்தப்பட்டவர்கள் சிங்கள விவசாயிகள். அந்நிலம் படையினரின் கைக்குப் போயிற்று. அவர்களில் ஒரு பகுதியினர் 2016இல் துணிந்து தம் நிலத்துக்குள் மீண்டும் சென்றார்கள். மயிலத்தமடுவைப் பற்றிப் பேசும் எவரும் பாணமையையும் பேசவேண்டும். இல்லையேல் எமது நியாயம் அரை நியாயமாகிவிடும்.

விவிலியத்தில் ஆபிரகாமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் இடையில் மேய்ச்சலுக்காகச் சண்டை மூண்ட கதை உண்டு. நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்று பெரியவர் விட்டுக்கொடுத்தார். அக்காலத்தில் பிரிந்துபோக வேறு நிலம் கிடந்தது. படுவான்கரை மாட்டுக்கு வலப்பக்கமும் இல்லை, இடப்பக்கமும் இல்லை.

பெரியவரிடம் மீண்டும் வருவோம். 1990இல் அவருடைய குடும்பமும் ஓடியது. திரும்பி வந்தபோது வீடில்லை, கிணறு தூர்ந்திருந்தது. ஆனால் வயல் அவரிடம் வந்தது, ஏனெனில் பெட்டியின் அடியில் பொலித்தீனில் சுற்றிய உறுதி ஒன்று இருந்தது. "அந்தக் கடுதாசிதான் ஃபாதர் எனக்கு வயலத் தந்த. மாட்டுக்குக் கடுதாசி இல்ல, புல்லுக்கும் இல்ல" என்றார். முல்லைத்தீவில் கேப்பாப்புலவு, பிலவுக்குடியிருப்பு மக்கள் 2017 ஜனவரி 31 முதல் ஒரு மாதம் படைமுகாம் வாசலில் இரவும் பகலும் இருந்து, மார்ச் தொடக்கத்தில் தம் வளவுகளுக்குள் காலடி வைத்தார்கள். அவர்களின் உறுதியை நாம் வணங்குகிறோம். ஆனாலும் அவர்கள் ஒவ்வொருவராலும் இது என் வளவு, இது என் கிணறு என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தது. பொதுக்காணியை அப்படி ஒருவர் காட்ட முடியாது. எல்லோருக்கும் உரியது என்பதனாலேயே எவருடையதும் அல்ல என்ற பேச்சு எழுகிறது. ஆகவே அதைக் காப்பதற்கு அதில் நேரடி இலாபம் இல்லாதவரும் வந்து நிற்கவேண்டியிருக்கிறது. மாடில்லாத அப்பெரியவரின் கதிரை அக்கொட்டகையில் எத்தனை முக்கியமானது என்பதை இப்போது விளங்கிக்கொள்வீர்கள்.

பொதுக்காணி என்றால் ஆளாளுக்கு மேய்த்து அழித்துவிடுவார்கள், ஆகவே அதை அரசோ தனியாரோ எடுத்துக்கொள்வதே மேல் என்று படித்தவர்கள் சொல்வதுண்டு. ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968இல் எழுதிய கட்டுரை இவ்வெண்ணத்தை உலகமெங்கும் பரப்பியது. குருமடத்திலும் பின்னரும் நாமும் அதை மறுக்கத் தெரியாமல் இருந்தோம். எலினோர் ஒஸ்ரொம் என்ற பெண்மணி அதற்கு மறுமொழி தேடினார். மக்கள் தாமாகவே நூற்றாண்டுக்கணக்கில் காத்த மேய்ச்சற்றரைகள், நீர்ப்பாசனங்கள், மீன்பிடி நீர்கள் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். 2009இல் பொருளியலுக்கான நொபெல் பரிசும் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. அவர் காட்டிய ஊர்களில் ஒன்று சுவிற்சர்லாந்தின் தோர்பெல் என்ற மலைக்கிராமம். பனிக்காலத்தில் தன் சொந்தத் தீனியால் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டையே ஒருவர் கோடையில் பொதுப் புல்வெளிக்கு அனுப்பலாம் என்று அவ்வூரார் 1517இலேயே விதி செய்தார்கள். பணக்காரன் வெளியிலிருந்து மாடு வாங்கிவந்து பொதுப் புல்லைத் தின்னவைக்க முடியாது. புல்லைக் காத்தது அந்த விதியும், அதை மீறினால் தண்டம் அறவிட்ட அயலவரும்.

இதைப் படிக்கும்போது எமக்கு எமது ஊர் நினைவுக்கு வந்தது, சற்று வெட்கமும் வந்தது. எமக்கும் வட்டவிதானைமார் இருந்தார்கள், குறிசுடும் ஒழுங்கு இருந்தது, வேலி கட்டும் முறை இருந்தது. இன்று மேய்ச்சற்றரை பறிபோகிறதென்று முறையிடும் எம்மவரிலேயே சிலர் என்ன செய்கிறார்கள்? ஊரோரக் குளத்தின் ஒதுக்குக் காணிக்குள் வேலியைத் தள்ளிப் போடுகிறார்கள். ஆற்றுமணலை இரவில் ஏற்றுகிறார்கள். வாவிக்கரைக் கண்டலை வெட்டி மண் போட்டு வளவாக்குகிறார்கள். முன்பு மாடுகள் ஊரருகே நின்ற சிறு மேய்ச்சல் நிலங்கள் பலவற்றை அயலூரான் பறிக்கவில்லை. நாமே பறித்தோம். இந்தியாவில் பஞ்சாப் மாநிலக் கிராமமொன்றின் பொதுக்குளத்தைச் சிலர் நிரப்பி வீடு கட்டியபோது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2011 ஜனவரியில் அந்நீதிமன்றம் அவர்களை வெளியேற்றச் சொன்னதோடு, நாடெங்கும் கிராமப் பொதுநிலங்களை மீட்கத் திட்டம் வகுக்குமாறு மாநில அரசுகளுக்குப் பணித்தது. பணம் செலவழித்துக் கட்டிவிட்டோம் என்பது அங்கே நியாயமாகக் கொள்ளப்படவில்லை. அப்படி ஒரு தீர்ப்பு இங்கே வந்தால் மயிலத்தமடுவில் மட்டும் நின்றுவிடாது, எம்மவர் சிலரின் வேலியையும் தொடும். தொடட்டும்.

பட்டிக்காரரிடமும் ஒரு வார்த்தை. நூற்றுக்கணக்கில் மாடு வைத்துக்கொண்டு நகரத்தில் இருப்பவரின் பெயர் கொட்டகையில் கேட்பதில்லை. கூலிக்கு மேய்க்கும் பையன்தான் காட்டில் அடி வாங்குகிறான். மேய்ச்சற்றரை கிடைத்தபின் அதில் யாருடைய மாடு எத்தனை நிற்கலாம் என்ற கேள்வி எழும். இப்போதே அதைப் பேசாவிட்டால் பத்து மாட்டுக்காரன் அங்கேயும் ஓரத்துக்குத் தள்ளப்படுவான். வயலில் மாடு புகுந்தால் முறையான நட்டஈடு கொடுக்கும் ஒழுங்கையும் சங்கமே முன்னின்று செய்யட்டும். வயல்காரன் நண்பனாவது அப்போதுதான். மாட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றிய, வாலை அறுத்த கதைகளும் எமது ஊர்களில் உண்டு என்பதை மறைத்து என்ன பயன்?

அந்தப் பெரியவர் எம்மிடம் கேட்ட உதவி ஒன்றுதான். ஒரு சி.ஆர். கொப்பியும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையும். எதற்கென்று கேட்டோம். சிறுவயதில் தகப்பனாரோடு பட்டி சாய்த்து நடந்த வழியிலுள்ள மடு, வில், ஓடை, வாடி அடித்த மேடு, எல்லை மரம் ஆகியவற்றின் பெயர்கள் அவருக்கு நினைவிருக்கின்றன. அவர் வயதுக்காரர் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். "நாங்க செத்தா அந்த இடத்துக்குப் பேரே இருக்காது" என்றார். உயர்தரம் படிக்கும் பிள்ளையொருத்தி ஞாயிறு பின்னேரங்களில் சென்று எழுதத் தொடங்கினாள். கைத்தொலைபேசியைக் கொண்டு சில இடங்களின் அமைவையும் குறிக்க இளைஞர் இருவர் முன்வந்தனர். போகக்கூடிய இடங்களுக்கு மட்டும், பட்டிக்காரரோடு சேர்ந்து. வீரம் காட்டப் போகவேண்டாம் என்று நாம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். அக்கொப்பி நீதிமன்றத்தில் எடுபடுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டோம். தனியே எடுபடாது, ஆனால் நீண்டகாலப் பயன்பாட்டைக் காட்டும் மற்றைய ஆவணங்களோடு சேர்த்தால் பெறுமதி உண்டு என்றார். ஆகவே பழைய மாட்டுவிபரச் சீட்டு, பால் சேகரிப்பு நிலையத்தின் பற்றுச்சீட்டு, மிருகவைத்தியர் தடுப்பூசி போட்ட அட்டை, குறிசுட்ட பதிவு எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். இடப்பெயர்வில் தப்பிய ஒரு துண்டுக் கடதாசியென்றாலும் பரவாயில்லை. பங்குப் பணிமனைக்கோ உங்கள் கோயில் பரிபாலன சபைக்கோ கொண்டுவந்தால் பிரதி எடுத்து மூலத்தை உங்களிடமே திருப்பித் தரலாம்.

அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு வயல்காரராகிய நீங்கள் போவீர்கள். மாடுகளை அகற்றும் திகதி வாசிக்கப்படும்போது ஒருவர் எழுந்து, "எங்கே அகற்றுவது, அந்த இடத்தின் எல்லை எது, வர்த்தமானியில் வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். பட்டிக்காரர் கேட்டால் வழக்கமான முறைப்பாடு என்று தட்டிவிடுவார்கள். மாடில்லாதவர் கேட்கவேண்டும். கேட்ட கேள்வியும் கிடைத்த மறுமொழியும் கூட்டக் குறிப்பில் எழுதப்பட்டனவா என்று பார்த்துவிட்டு, அதன் பிரதியொன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள்.